கடலடிச் சாலைகளும் கால்பந்தும்: ஃபரோ தீவுகளின் லீக்கைத் தேடி ஒரு பயணம்

வெள்ளிக்கிழமை, சொர்வாகுர்

ஃபரோ தீவுகளுக்கு விமானத்தில் வருபவர்கள் முதலில் கால் வைப்பது வாகர் தீவில்தான். இங்குள்ள விமான நிலையம் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படையினர் அமைத்தது. 1940 ஏப்ரலில் டென்மார்க்கை ஜெர்மனி கைப்பற்றிய சில நாள்களிலேயே, டேனிஷ் முடியாட்சிக்கு உட்பட்ட இந்தத் தீவுகளைப் பிரிட்டன் தன் காவலில் எடுத்துக்கொண்டது. தாய்நாட்டோடு தொடர்பு அறுந்திருந்த அந்த ஆண்டுகளில்தான், 1942-இல், ஃபரோ கால்பந்து லீக் தொடங்கியது. முதல் பட்டத்தை கிளாக்ஸ்விக் ஊரின் கே.ஐ. அணியும், அடுத்த ஆண்டுப் பட்டத்தை த்வோரோய்ரி ஊரின் டி.பி. அணியும் வென்றன. 1944-இல் லீக் நடக்கவேயில்லை. காரணம் குண்டுவீச்சோ படையெடுப்போ அல்ல, ஆடுவதற்குப் பந்துகள் கிடைக்கவில்லை. ஒரு நாட்டின் கால்பந்து வரலாற்றில் இவ்வளவு எளிமையான காரணத்துக்காக விடுபட்ட ஆண்டு வேறு எங்கும் இருக்குமா என்று தெரியவில்லை. எனக்கு அந்த வெற்றிடம், அதற்கு முன்னும் பின்னும் உள்ள பட்டங்களைவிட அதிகம் பேசுகிறது.

பதினெட்டுத் தீவுகள், எல்லோரையும் சேர்த்து ஏறத்தாழ 55,000 மக்கள். இவ்வளவுதான் இந்த நாடு. இதற்குள் பத்து அணிகள் கொண்ட உயர்நிலை லீக்கும், அதற்குக் கீழே மேலும் சில படிநிலைகளும், பெண்களுக்கான தனி லீக்கும் இயங்குகின்றன. 2018 முதல் இந்த லீக் அதன் விளம்பரதாரரின் பெயரால் பெத்ரி டெயில்டின் என்று அழைக்கப்படுகிறது. பெரும்பாலான வீரர்களுக்குக் கால்பந்து முழுநேரத் தொழில் அல்ல. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட லீக்கின் சாம்பியன் 2023-இல் ஹங்கேரியின் சாம்பியனையும் ஸ்வீடனின் சாம்பியனையும் அடுத்தடுத்து வெளியேற்றியபோது, அது எப்படி நடந்தது என்பதை நேரில் வந்து பார்க்கவேண்டும் என்ற எண்ணம் எனக்குள் விழுந்தது. வசந்தம் தொடங்கி இலையுதிர்காலம் வரை நீளும் ஆட்டப் பருவத்தின் நடுவில், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் மிச்சமிருக்கும் மே மாதத்தைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறேன்.

விமான நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது சொர்வாகுர். பையை அறையில் வைத்துவிட்டுக் கடற்கரையை ஒட்டிய மைதானத்துக்கு நடந்தேன். இந்த ஊரின் பழைய சங்கமான எஸ்.ஐ. 1947-இல் தேசிய சாம்பியன். அதற்குப் பிறகு அதற்கு இன்னொரு பட்டம் கிடைக்கவில்லை. 2007-இல் தீவின் சங்கங்கள் ஒன்றாக இணைந்து 07 வெஸ்துர் என்ற அணி உருவானது. இந்த நாட்டின் கால்பந்து வரைபடத்தில் இப்படி இணைந்த பெயர்கள் ஏராளம். பத்து வயதுச் சிறுமிகள் பயிற்சி முடிந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்களின் ஈரக் காலுறைகளில், செயற்கைப் புல்லுக்கு இடையே தூவப்படும் கருநிற ரப்பர்த் துகள்கள் எள்ளை வாரித் தெளித்ததுபோல் ஒட்டியிருந்தன. உடைமாற்றும் அறையின் வாசலில் கம்பித் தூரிகைகள் பதித்த ஒரு பலகை இருந்தது. ஒவ்வொருவராக அதன்மேல் காலணியைத் தேய்த்து, துகள்களைத் தட்டிவிட்டே உள்ளே போனார்கள். பயிற்சியாளர் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

சனிக்கிழமை, தோர்ஷவ்ன்

வாகரிலிருந்து தலைநகருக்கு வரும் வழியில் கடலுக்கு அடியில் 5 கிலோமீட்டர் நீளச் சுரங்கச் சாலை இருக்கிறது. 2002-இல் திறக்கப்பட்ட இதுதான் இந்நாட்டின் முதல் கடலடிச் சுரங்கம். அதற்கு முன்பு இந்த இடத்தைக் கப்பலில் கடக்கவேண்டும். கடல் கொந்தளித்தால் ஆட்டமும் இல்லை. ஓர் அணி இன்னோர் ஊருக்குப் போய் ஆடித் திரும்ப ஒரு நாள் முழுவதும் தேவைப்பட்ட காலம் இப்போது வயதானவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. இந்த லீக்கின் கதையை மைதானங்களைக்கொண்டு எழுதுவதைவிடச் சுரங்கச் சாலைகளைக்கொண்டு எழுதுவது சரியாக இருக்கும் என்ற எண்ணம் வழியிலேயே தோன்றிவிட்டது. போகப் போக அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்கவேண்டும்.

இன்று மழை. தோர்ஷவ்னின் குந்தாதாலூர் பகுதியில் மைதானங்களைச் சுற்றி நடந்ததோடு சரி. நாளை இங்கே எச்.பி.யும் பி 36-உம் மோதுகின்றன.

ஞாயிற்றுக்கிழமை, தோர்ஷவ்ன்

எச்.பி. 1904-இல் தொடங்கப்பட்டது, சிவப்பும் கறுப்பும் அதன் நிறங்கள். பி 36, பெயரிலேயே இருப்பதுபோல 1936-இல் பிறந்தது; வெள்ளைச் சட்டை அணிவது. இரண்டும் ஒரே நகரத்தின் சங்கங்கள், ஒரே மைதானத்தைத் தங்கள் சொந்தக் களமாகக் கொண்டவை. யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்பது அன்றைய அட்டவணையில் எந்தப் பெயர் முதலில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. லீக் பட்டங்களின் எண்ணிக்கையில் நெடுங்காலமாக முதலிடத்தில் இருப்பது எச்.பி.; அதைத் துரத்திவருவது கிளாக்ஸ்விக்கின் கே.ஐ.

பத்து அணிகளும் ஒன்றோடொன்று மும்முறை மோதுவதால் ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் 27 ஆட்டங்கள். சாம்பியனுக்கு ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச்சுற்றில் இடம் உண்டு. அடுத்த நிலையில் வரும் அணிகளுக்கு, ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் தகுதிச்சுற்று. ஜூலை மாதத்தின் அந்தச் சில ஆட்டங்களிலிருந்து வரும் தொகை சிறிய சங்கங்களின் வரவுசெலவில் பெரிய பங்கு என்பதால், பட்டத்துக்கான போட்டியைப் போலவே மூன்றாம் நான்காம் இடங்களுக்கான போட்டியும் கடைசிவரை சூடாக இருக்கிறது. பெரிய சங்கங்களின் இரண்டாம் அணிகள் அடுத்த படிநிலையில் ஆடுகின்றன. அவை அங்கே முதலிடம் பிடித்தாலும் மேலே ஏற முடியாது. இளைஞர்களுக்கு ஆட்ட அனுபவம் கொடுக்க இது உதவுகிறது என்கிறார்கள். ஆனால் அந்தப் படிநிலையில் ஆடும் கிராமத்து அணிகளுக்கு, முன்னேற உரிமை இல்லாத எதிரிகளோடு பாதிப் பருவத்தைக் கழிப்பது எவ்வளவு சலிப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். முதல் பாதியில் பி 36 காற்றின் திசையில் ஆடியது. அவர்களின் கோல்கீப்பர் உதைத்த பந்து, நடுக்கோட்டைத் தாண்டி ஒருமுறை தரையில் பட்டு, எதிரணியின் பெனால்டி எல்லைவரை சென்றது. மறுபுறம் எச்.பி.யின் கோல்கீப்பர் உயரமாக உதைத்த பந்து, பாதி தூரத்தில் தயங்கி, அவர் பக்கமே திரும்பி விழுந்தது. ஃப்ரீகிக் எடுக்க வைத்த பந்து மும்முறை உருண்டோடியது. இதையெல்லாம் பார்க்க வந்தவர்கள் யாரும் வியப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே வளர்ந்த வீரர்கள் காற்றை எதிர்த்து ஆடும் பாதியில் பந்தைத் தரையோடு தரையாக, குறுகிய பாஸ்களில் நகர்த்துகிறார்கள்; காற்று உடன்வரும் பாதியில் கோல்கீப்பரும் தாக்குதலின் ஒரு பகுதியாகிவிடுகிறார். இரண்டு பாதிகளும் இரண்டு வேறு ஆட்டங்கள்போல இருந்தன. ஒரே அணி ஒரே மாலையில் இரண்டு விதமாகச் சிந்திக்கவேண்டியிருப்பதை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

கூட்டம் பெரியதல்ல. ஆனால் எனக்குப் பக்கத்தில் நின்றவர் களத்தில் இருந்த இருபத்திரண்டு பேரில் முக்கால்வாசிப் பேரின் தகப்பனார் யார், அவர் எந்த அணிக்கு ஆடினார் என்று சொன்னார். பி 36-இன் இடது டிஃபெண்டர் தவறவிட்ட ஒரு பந்துக்கு உரக்கத் திட்டிய அவர், அடுத்த நொடி என் பக்கம் திரும்பி, அந்தப் பையன் தன் தங்கையின் மகன் என்றும், அன்று காலையில்தான் மீன்பதன ஆலையில் வேலை முடித்து வந்திருக்கிறான் என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை, தோஃப்திர்

இன்றைய பயணம் இந்த நாட்டின் மிகப் பெரிய சுரங்கத்தின் வழியாக. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட ஐஸ்துரோய் சுரங்கம், கிளைச் சாலையையும் சேர்த்து 11 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடையது. கடலுக்கு அடியில் ஒரு ரவுண்டானா இருக்கிறது. அதன் நடுவில் குடைந்தெடுக்காமல் விட்ட பாறைத் தூணைச் சுற்றி, கைகோத்து நடனமாடும் மனித உருவங்களை த்ரோன்துர் பாதுர்சன் என்ற ஓவியர் அமைத்திருக்கிறார். தோர்ஷவ்னிலிருந்து ருனாவிக் செல்ல முன்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இப்போது கால் மணி நேரம். ருனாவிக் ஊரின் என்.எஸ்.ஐ. 2007-இல் பட்டம் வென்ற அணி. லீக் வரலாற்றிலேயே அதிக கோல்கள் அடித்த கிளாய்மின்த் ஓல்சன் அந்த அணியின் சொந்தப் பிள்ளை. ருனாவிக்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம் தெற்கே போனால் தோஃப்திர்.

ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர் இது. ஊருக்கு மேலே, மலைச்சரிவில், பாறையை வெடிவைத்துத் தகர்த்து அமைத்த ஸ்வாங்காஸ்கார் அரங்கில் சுமார் 6,000 பேர் ஆட்டம் பார்க்கலாம். இந்த அளவுப் பொருத்தமின்மைக்குப் பின்னால் ஃபரோ கால்பந்தின் மிகப் பெரிய நாள் இருக்கிறது.

ஃபரோ தீவுகள் ஃபிஃபாவில் சேர்ந்தது 1988-இல், ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏவில் 1990-இல். ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஆட இடம் கிடைத்துவிட்டது; ஆனால் அதிகாரபூர்வ ஆட்டத்துக்குத் தேவையான இயற்கைப் புல்தரை நாட்டில் எங்குமே இல்லை. அதனால் தங்கள் முதல் தகுதிச்சுற்று ஆட்டத்தையே ஸ்வீடன் நாட்டின் லேன்ட்ஸ்க்ரோனா நகரில் ஆடவேண்டியிருந்தது. 1990 செப்டம்பர் 12. எதிரணி ஆஸ்திரியா, சில மாதங்களுக்கு முன்புதான் இத்தாலியில் உலகக் கோப்பை ஆடித் திரும்பியிருந்த அணி. ஃபரோ அணியின் கோல்கீப்பர் யென்ஸ் மார்தின் நூட்சன், உச்சியில் குஞ்சம் வைத்த வெள்ளைக் கம்பளித் தொப்பி அணிந்து களமிறங்கினார். சிறுவயதில் தலையில் பட்ட காயத்துக்குப் பிறகு வந்த பழக்கம் அது. இரண்டாம் பாதியில் தோர்கில் நீல்சன் கோல் அடித்தார். அவர் மரம் விற்கும் கடையில் வேலை பார்த்தவர். சதுரங்கத்திலும் நாட்டின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவர். ஆட்டம் 1–0 என்று முடிந்தது. ஆஸ்திரியப் பயிற்சியாளர் பதவி விலகினார்.

அந்த வெற்றியை நாட்டு மண்ணில் யாரும் பார்க்கவில்லை என்பது தோஃப்திர் மக்களை உறுத்தியிருக்கவேண்டும். அடுத்த சில ஆண்டுகள் பெல்ஜியம் போன்ற நாடுகள் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றுக்கு இந்த மலைமுகட்டுக்குத்தான் வந்து ஆடின. தலைநகரில் தோர்ஷ்வொத்லூர் தேசிய அரங்கு அமைந்த பிறகு பெரிய ஆட்டங்கள் அங்கே போய்விட்டன. இன்று ஸ்வாங்காஸ்கார் பி 68 அணியின் மைதானம் மட்டும். 1984, 1985, 1992 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்ற அணி அது.

அரங்கின் மேல்வரிசையில் நின்றால், கோல் கம்பத்துக்குப் பின்னால் புல்வெளி, அதற்குப் பின்னால் கடல், கடலுக்கு அப்பால் நோல்சோய் தீவு. பார்வையாளர் படிகளில் பாதிக்குமேல் பாசி படர்ந்திருக்கிறது. கீழ்வரிசைப் படிகள் சுத்தமாக இருந்தன. சங்கத்தின் மூத்தவர் ஒருவர் சாவி கொண்டுவந்து அறைகளைத் திறந்துகாட்டினார். சுவரில் எண்பதுகளின் அணிப் படங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றில் தன்னைச் சுட்டிக்காட்டினார். இந்த அரங்கைக் கட்டியதில் ஊர்க்காரர்கள் கூலி வாங்காமல் உழைத்த மாலைப்பொழுதுகளைப் பற்றி அவர் நெடுநேரம் பேசினார். சுரங்கம் வந்தது ஊருக்கு நல்லதா என்று கேட்டேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்லது என்றார். அணிக்கு? பதினாறு வயதில் நன்றாக ஆடும் பையனை முன்பெல்லாம் தலைநகரத்துச் சங்கம் அழைத்தால் அவன் அங்கே உறவினர் வீட்டில் தங்கவேண்டியிருக்கும், அதனாலேயே பலர் போகவில்லை. இப்போது பள்ளி முடிந்து பேருந்தில் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நிலைமை என்று சொன்னார். எனக்கு அது குறையாகத்தான் பட்டது.

செவ்வாய்க்கிழமை, கிளாக்ஸ்விக்

நேற்று கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டு இன்று கிளாக்ஸ்விக் வந்தேன். சுமார் 5,000 பேர் வாழும் நாட்டின் இரண்டாவது பெரிய ஊர் இது. மீன்பிடித் துறைமுகமும் பதன ஆலைகளும்தான் இதன் உயிர்நாடி. 2006-இல் திறந்த 6 கிலோமீட்டர்ச் சுரங்கம் இந்தத் தீவை ஐஸ்துரோய் தீவோடு இணைத்தது. அதற்கு முன் கப்பல்தான். கிளாக்ஸ்விக்காரர்களிடம், நாங்கள் தலைநகரத்தின் கீழ் இல்லை என்ற மிடுக்கு இன்றும் இருக்கிறது. கால்பந்து அந்த மிடுக்கின் முதல் வாசல்.

கே.ஐ. லீக்கின் முதல் சாம்பியன்; ஐம்பதுகளில் தொடர்ந்து பட்டங்களை அள்ளிய அணி. பிறகு நீண்ட வறட்சி. 1999-இல் வென்ற பிறகு அடுத்த பட்டத்துக்கு 2019 வரை இருபது ஆண்டுகள் காத்திருந்தார்கள். அந்த இருபது ஆண்டுகளில் சங்கத்தின் பெயரை உயர்த்திப் பிடித்தவர்கள் பெண்கள். கே.ஐ.யின் பெண்கள் அணி 2000 முதல் 2016 வரை தொடர்ச்சியாகப் பதினேழு முறை தேசியப் பட்டம் வென்றது. ஆண்கள் அணியின் ஐரோப்பியப் பயணத்தைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதியபோது இந்தப் பதினேழு பட்டங்களை எத்தனை பேர் நினைத்துப்பார்த்தார்கள் என்று தெரியவில்லை. ஐரோப்பியப் போட்டிகளுக்குப் பயணம் போய்வரும் வழக்கத்தை இந்த ஊருக்கு ஆண்டுதோறும் நினைவூட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். சங்கக் கட்டடத்தின் கண்ணாடி அலமாரியில் அவர்களின் கோப்பைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்ததைப் பார்த்தபோது மனம் நிறைந்தது.

2023 கோடைக்கு வருவோம். பயிற்சியாளர் நார்வேக்காரரான மாக்னே ஹோசெத். சாம்பியன்ஸ் லீக்கின் முதல் தகுதிச்சுற்றில் எதிரணி ஹங்கேரியின் ஃபெரென்ட்ஸ்வாரோஷ். சொந்த மண்ணில் 0–0. அதோடு கதை முடியும் என்று வெளியார் நினைத்திருக்கலாம். புடாபெஸ்டில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் கே.ஐ. 3–0 என்று வென்றது. ஃபெரென்ட்ஸ்வாரோஷ் நிர்வாகம் தன் பயிற்சியாளர் ஸ்தானிஸ்லாவ் செர்சேசோவை உடனடியாக நீக்கியது. ரஷ்ய அணியை 2018 உலகக் கோப்பையில் காலிறுதிவரை அழைத்துச் சென்றவர் அவர். அடுத்த சுற்றில் ஸ்வீடனின் ஹேக்கன்: முதல் ஆட்டம் 0–0, இரண்டாவது 3–3, பெனால்டிகளில் கே.ஐ. வென்றது. மூன்றாம் சுற்றில் நார்வேயின் மோல்டேவை முதல் ஆட்டத்தில் 2–1 என்று வீழ்த்தியது. இரண்டாவது ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில்தான் தோற்று வெளியேறியது. ஆனாலும் அதுவரை வந்ததால், கான்ஃபரன்ஸ் லீக்கின் குழுச்சுற்றில் இடம் உறுதியாகிவிட்டது. ஃபரோ தீவுகளின் சங்கம் ஒன்று ஐரோப்பியக் குழுச்சுற்றில் ஆடியது அதுவே முதல்முறை. அங்கே பிரான்ஸின் லீல் அணியோடு 0–0 சமன், ஸ்லோவேனியாவின் ஒலிம்பியாவை 3–0 என்று வெற்றி. கிளாக்ஸ்விக்கின் மைதானம் அந்த நிலைப் போட்டிக்குப் போதாது என்பதால் குழுச்சுற்று ஆட்டங்களைத் தலைநகரின் தேசிய அரங்கில் ஆடவேண்டியிருந்தது. ஊரே வண்டிகளில் கிளம்பிக் கடலுக்கடியில் பயணம் செய்து அரங்கை நிறைத்தது.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஐந்து வாரங்களில் மூன்று நாடுகளின் சாம்பியன்களோடு ஆறு ஆட்டங்கள் ஆடி, அவற்றில் வழக்கமான தொண்ணூறு நிமிடங்களின் முடிவில் ஒரே ஓர் ஆட்டத்தில்தான், அதுவும் ஒரே ஒரு கோலில், பின்தங்கியது என்றால், அது பழக்கத்தால் வந்த உறுதி. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை மாலையில் த்யூபுமீரார் மைதானத்தில் பார்த்தேன். மூன்று பக்கமும் வீடுகளும் மலையும் நெருங்கி நிற்கும் களம். ஆறு மணிக்கு எட்டு வயதுக் குழந்தைகள், ஏழு மணிக்குப் பதினான்கு வயதுக்காரர்கள், எட்டு மணிக்குப் பெண்கள் அணி. எல்லோருக்கும் அதே தரை. முன்பு சரளையும் மண்ணுமாகக் கிடந்த மைதானங்கள் செயற்கைப் புல்லாக மாறிய பிறகு வளர்ந்த முதல் தலைமுறை இப்போது முதல் அணியில் ஆடுகிறது. சரளையில் பந்து எகிறும்; விழுந்தால் முழங்கால் கிழியும். அங்கே பந்தை உயர அடித்து ஓடுவதுதான் அறிவு. சமதரை கிடைத்ததும் பந்தை நிறுத்தவும் திருப்பவும் கொடுக்கவும் பழகலாம். குளிர்காலத்திலும் விளக்கு வெளிச்சத்தில் பழகலாம். ஏறத்தாழ ஒவ்வொரு பெரிய கிராமத்திலும் இப்படி ஒரு தரை இருக்கிறது. இந்த நாடு கால்பந்தில் செய்த மிகச் சிறந்த முதலீடு எந்த வீரரும் அல்ல, இந்தத் தரைதான் என்பது என் கணிப்பு.

பயிற்சிக்குப் பின் பொறுப்பாளர் ஒருவரோடு காபி குடித்தேன். ஐரோப்பியப் பணம் வந்த பிறகு சில வீரர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டு முழுநேரமாக ஆடத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். எல்லோரையும் அப்படி ஆக்கிவிடலாமா என்று கேட்டேன். அவர் யோசித்தார். ஆலையிலும் பள்ளியிலும் வேலை பார்ப்பவன் ஊருக்குத் தெரிந்தவனாக இருக்கிறான், அவன் தோற்றால் மறுநாள் காலையில் வேலையிடத்தில் பதில் சொல்லவேண்டும் என்றார். முழுநேர ஆட்டம் தரத்தை உயர்த்தும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. மற்ற ஒன்பது அணிகளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனால் லீக் என்னவாகும் என்பதுதான் அவர் கவலை. அது நியாயமான கவலை. ஆனால் 2024-இல் விக்கிங்குர் அணி கே.ஐ.யைத் தாண்டிப் பட்டம் வென்றது என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

புதன்கிழமை, நோர்த்ராகோத்தா, ஐதி

விக்கிங்குரின் ஊருக்கு இன்று போனேன். கோத்தாவின் ஜி.ஐ. அணி 1993 முதல் 1996 வரை தொடர்ந்து நான்கு பட்டங்கள் வென்றது. பக்கத்து லெய்ர்விக் ஊரின் அணியோடு 2008-இல் இணைந்து விக்கிங்குர் ஆனது. இணைப்பு எப்போதும் இழப்பாக முடிவதில்லை என்பதற்கு இந்த அணி சான்று: 2016, 2017, 2024 ஆகிய ஆண்டுகளின் பட்டங்கள் இங்கே இருக்கின்றன. கடற்கரையோரமாக இருக்கும் மைதானம் பூட்டியிருந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

ஐதி கிராமத்தின் பழைய மைதானம் கடலுக்கும் ஒரு சிறு ஏரிக்கும் இடைப்பட்ட நிலத்துண்டில் இருக்கிறது. கோல் கம்பத்துக்குப் பின்னால் உடனே அலைகள். ஐதியின் சங்கம் 1993-இல் அண்டைச் சங்கத்தோடு சேர்ந்து ஈ.பி./ஸ்த்ரெய்முர் ஆகி, 2008-இலும் 2012-இலும் பட்டம் வென்றது. ஆட்டங்கள் வேறு களத்துக்குப் போயின. இங்கே இப்போது கூடார வாகனங்கள் நிற்கின்றன. முகாமிட்டவர்கள் பச்சைத் தரையின்மேல் நாற்காலி போட்டுச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். படமெடுக்க வருகிறவர்கள் அதிகம். எனக்கு இங்கே அதிக நேரம் நிற்கத் தோன்றவில்லை. ஆடாத மைதானத்தில் பார்க்க எதுவும் இல்லை.

வியாழக்கிழமை, த்வோரோய்ரி

நாட்டின் மிகப் பழைய கால்பந்துச் சங்கத்தைப் பார்க்கக் கப்பலில்தான் போகமுடியும். தோர்ஷவ்னிலிருந்து ஸ்மீரில் கப்பல் இரண்டு மணி நேரத்தில் சுதுரோய் தீவுக்கு வந்தது. டி.பி. சங்கம் தொடங்கியது 1892 மே மாதம். அப்போது த்வோரோய்ரி மீன்பிடித் தொழிலின் செல்வாக்கான துறைமுகம். கறுப்பு வெள்ளைச் சட்டை, ஏழு லீக் பட்டங்கள். கடைசிப் பட்டம் 1987-இல். இதே தீவின் வாகுர் ஊரைச் சேர்ந்த வி.பி. 2000-இல் சாம்பியன். அதன்பிறகு சுதுரோய்க்குப் பட்டம் எதுவும் வரவில்லை.

காரணத்தை விளக்கக் கப்பல் அட்டவணை போதும். வடக்கே உள்ள அணிகளில் பெரும்பாலானவை ஒன்றையொன்று ஒரு மணி நேரத்துக்குள் சென்றடைகின்றன. சுதுரோய் அணி ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் ஒரு முழு நாளைக் கொடுக்கவேண்டும். வேலைபார்க்கும் வீரனுக்கு அது ஒரு நாள் விடுப்பு. உயர்கல்விக்காகத் தோர்ஷவ்ன் போன இளைஞன் அங்கேயே ஒரு சங்கத்தில் சேர்ந்துவிடுகிறான். ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க 2017-இல் தீவின் சங்கங்கள் ஒரே அணியாக லீக்கில் ஆடிப்பார்த்தன. டி.பி., எஃப்.சி. சுதுரோய், ரொய்ன் என்று மூன்று பெயரையும் சாய்கோடு போட்டு எழுதிய அணி அது. அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. மலைக்கு இந்தப் பக்கத்து ஊருக்கும் அந்தப் பக்கத்து ஊருக்கும் நூறாண்டுப் போட்டி இருக்கும்போது இரண்டு சாய்கோடுகள் அதை அழித்துவிடும் என்று எதிர்பார்ப்பது அதிகம்தான்.

சங்க அறையில் மதியம் ஐந்தாறு பேர் இருந்தார்கள். சுதுரோய்க்கும் கடலடிச் சுரங்கம் வேண்டும் என்ற திட்டம் நெடுநாளாகப் பேச்சில் இருக்கிறது. சான்தோய் தீவுக்குச் சுரங்கம் 2023 டிசம்பரில் திறந்துவிட்டதால், இனி மிச்சம் இருப்பது தங்கள் தீவுதான் என்ற அழுத்தம் அவர்கள் பேச்சில் இருந்தது. மீசை நரைத்த ஒருவர், சுரங்கம் வந்தால் படிக்கப்போன பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வருவார்கள், டி.பி.க்குத் திரும்ப ஆடுவார்கள் என்றார். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்மணி உடனே மறுத்தார். அவர் மகன் இளையோர் அணியில் ஆடுகிறான். சுரங்கம் வந்த மறுவாரமே எச்.பி.யின் வண்டி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போகும் என்றார். அறையில் சத்தம் கூடியது. ஒருவர் தோஃப்திரைச் சுட்டிக்காட்டினார், இன்னொருவர் கிளாக்ஸ்விக்கைச் சுட்டிக்காட்டினார்.

நான் எந்தப் பக்கம் என்று என்னையும் கேட்டார்கள். கிளாக்ஸ்விக் பக்கம் என்றேன். சுரங்கம் 2006-இல் வந்தும் அவர்கள் பிள்ளைகள் போய்விடவில்லை. சொந்த ஊரில் நல்ல தரை, நல்ல பயிற்சியாளர், ஐரோப்பா வரை போகும் அணி மூன்றும் இருந்ததால் தங்கினார்கள், வேறு ஊர்களிலிருந்தும் வந்தார்கள். தோஃப்திரில் சாலை வந்தது, மற்றவை அதே வேகத்தில் வரவில்லை. அந்தப் பெண்மணி இதை முழுதாக ஏற்கவில்லை. கிளாக்ஸ்விக்கில் ஐயாயிரம் பேர் இருக்கிறார்கள், எங்களிடம் அதில் பாதிகூட இல்லை என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, மீசைக்காரரிடம் இருந்தது. 1976, 1977, 1980 ஆகிய பட்டங்களை வென்றபோதும் நாம் இத்தனை பேர்தான் என்றார் அவர்.

மாலைக் கப்பலில் பதினான்கு வயதுப் பையன்களின் அணியும் ஏறியது. நாளை மாலை தோர்ஷவ்னில் பி 36-இன் இளையோரோடு ஆட்டம். இரவு உறவினர் வீடுகளில் தங்கி, சனிக்கிழமை காலைக் கப்பலில் திரும்புவார்கள் என்று உடன்வந்த பயிற்சியாளர் சொன்னார். ஆட்டம் மாலை ஆறு மணிக்கு, குந்தாதாலூரில். என் விமானம் சனிக்கிழமை என்பதால் நானும் போகிறேன்.